92 பெரிதா, 86 பெரிதா? – புது மருந்தின் மதிப்பை எப்படி அளக்கிறார்கள்

நூறு காசநோயாளிகளுக்குக் கொடுத்தால் 92 பேருக்கு நோய் அடங்குகிறது, ஒரு சிகிச்சையில். இன்னொரு சிகிச்சையில் 86 பேருக்கு. எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

"இதென்ன கேள்வி, 92தான்" என்றுதான் முதலில் தோன்றும். நம்ம வீட்டு ஆளுக்கு என்றால் யோசிக்கவே மாட்டோம். ஆனால் 1959ல் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வைப் பார்த்துவிட்டு இந்தியா 86ஐத் தேர்ந்தெடுத்தது. பிறகு மற்ற நாடுகளும் அதே வழிக்கு வந்தன. இன்றைக்கு லட்சங்களிலும் கோடிகளிலும் விலை போட்டு வருகிற மருந்துகளைப் பார்த்து "இது அந்த விலைக்குத் தகுமா?" என்று அரசுகள் கேட்கின்றன இல்லையா, அந்தக் கேள்வியின் சாரம் முழுக்க இந்த ஆய்வுக்குள்ளேயே இருக்கு. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முன்குறிப்பு: நான் மருத்துவன் இல்லை, நிரல் எழுதிப் பிழைப்பவன். இது சிகிச்சை ஆலோசனையும் இல்லை. ஒரு கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று படித்துப் புரிந்துகொண்டதன் குறிப்பு.

சானடோரியமா, வீடா?

எங்கள் ஈரோடு மாவட்டத்தில் பெருந்துறை என்றாலே பெரியவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது சானடோரியம்தான். இன்றைக்கு அங்கே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. ஒரு காலத்தில் டி.பி. வந்தவர்கள் மாசக்கணக்கில் தங்கியிருந்த இடம். மருந்து இல்லாத காலத்தில் சிகிச்சை என்பதே ஓய்வு, நல்ல சாப்பாடு, காற்றோட்டம் மட்டும்தான். அதற்குத்தான் சானடோரியம்.

1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. 1952ல் ஐசோநியசிட். மாத்திரையாலேயே கிருமி சாகிறது என்று ஆனபிறகு ஒரு கேள்வி எழுந்தது: மருந்து இருக்கிறபோது படுக்கை எதற்கு? நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் ஆயிரக்கணக்கில் இருந்த நாட்டுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை.

1956ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்த முயற்சி. முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ். சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதே மையம்தான்.

193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், மறு பாதி அவரவர் வீட்டில். இரண்டு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரே பன்னிரண்டு மாசம். வீட்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள். நெரிசலான வீடு, குறைவான சாப்பாடு, ஓய்வும் குறைவு. சானடோரியத்தில் எல்லாமே இதைவிட மேல். ஒரு வருசம் கழித்துப் பார்த்தால் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம்.

இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் ஒரு 6 சதவீத வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். ஆய்வாளர்கள் இரண்டையும் ஏறத்தாழ சமமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு வாதத்துக்கு, அந்த 6 முழுக்க நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 86தான் சரி என்று காட்ட முடியும்.

வீட்டுச் சிகிச்சைக்கு ஆளுக்கு 1 பங்கு செலவு, சானடோரியத்தில் 5 பங்கு என்று வைப்போம் (புரிவதற்காக நான் வைக்கும் எண்கள் இவை). கையில் 100 பங்கு பணம் இருக்கு.

சானடோரியம்: 20 பேருக்குச் சிகிச்சை, 18 பேருக்கு நோய் அடங்கும்.
வீடு: 100 பேருக்குச் சிகிச்சை, 86 பேருக்கு நோய் அடங்கும்.

அதே பணம். 18 எங்கே, 86 எங்கே! சதவீதத்தைப் பார்த்தால் ஒரு பதில், தலையை எண்ணினால் வேறொரு பதில். சானடோரியத்துக்குள் போன 20 பேர் நம் கண்ணுக்குத் தெரிகிறார்கள். வெளியே நின்ற 80 பேர் தெரிவதில்லை.

மடைக் கணக்கு

இந்தத் தெரியாத 80 பேரைக் கணக்குக்குள் கொண்டுவருவதுதான் மதிப்பீட்டின் முதல் வேலை. பொருளாதாரத்தில் இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். எங்கள் கோபிப் பக்கம் இதைப் புரியவைக்க ரொம்பச் சிரமப்பட வேண்டியதில்லை. கீழ்பவானி வாய்க்காலில் ஒற்றைப்படை மதகுக்கு ஒரு போகம், இரட்டைப்படை மதகுக்கு அடுத்த போகம் என்று முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். அணையில் இருப்பது அளவான தண்ணீர். தலைமடையில் ஒருத்தர் கூடுதலாகத் திறந்துவிட்டால் கடைமடையில் இன்னொருத்தர் வயல் காயும். திறந்தவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. தண்ணீர் ஒண்ணுதான், அவ்வளவே.

சுகாதார பட்ஜெட்டும் அப்படித்தான். ஒரு மருந்துக்கு "சரி" என்று சொல்லும்போது, பெயர் தெரியாத இன்னொரு நோயாளியின் டயாலிசிஸோ, ஒரு ஊரின் தடுப்பூசியோ, ஒரு நர்சின் சம்பளமோ குறைகிறது. அதனால் "இந்த மருந்து நல்லதா?" என்பது பாதிக் கேள்விதான். "இந்த மருந்துக்குப் போகிற பணம் வேறு எங்கே போயிருக்கும், அங்கே என்ன கிடைத்திருக்கும்?" என்பது மறுபாதி.

எதோடு ஒப்பிட்டு?

மென்பொருள் துறையில் ஒருத்தர் வந்து "என் புரோகிராம் 40 சதவீதம் வேகம்" என்றால், உடனே "எதைவிட?" என்று கேட்போம். பத்து வருசப் பழைய ஒன்றோடு ஒப்பிட்டால் எதுவும் வேகம்தான். மருந்திலும் இதே சிக்கல். வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டு ஜெயித்ததா, இப்போது நடைமுறையில் இருக்கும் நல்ல மருந்தோடு ஒப்பிட்டு ஜெயித்ததா என்று பார்க்கணும். விற்பனைக்கு அனுமதி வாங்க, மருந்து பாதுகாப்பானது, வேலை செய்கிறது என்று காட்டினால் பெரும்பாலும் போதும். ஏற்கெனவே இருப்பதைவிட எவ்வளவு மேல் என்பது தனிக் கேள்வி.

அடுத்தது, எதை அளந்தார்கள்? புற்றுநோய் மருந்துகளில் "நோய் வளராமல் இருந்த காலம் கூடியது" என்ற வரியை அடிக்கடி பார்க்கலாம். ஸ்கேனில் கட்டி பெரிதாகாமல் இருந்த மாசங்களின் கணக்கு அது. அந்த நோயாளி அதனால் கூடுதல் காலம் வாழ்ந்தாரா, அந்தக் காலத்தை எழுந்து நடமாடிக் கழித்தாரா என்பதை அந்த வரி சொல்லாது. சில மருந்துகளில் இரண்டும் கூடவே போகும். சிலவற்றில் போகாது.

ஆயுளையும் அதன் தரத்தையும் பெருக்குவது

சரி, காசநோய் மருந்தையும் மூட்டு அறுவை சிகிச்சையையும் எப்படி ஒப்பிடுவது? ஒன்று உயிரைக் காப்பாற்றுகிறது, மற்றது வலியைக் குறைக்கிறது. ரெண்டையும் ஒரே தராசில் வைக்க ஒரு பொது அலகு வேணும். அதற்காக உருவானதுதான் "தரம் சேர்த்த வாழ்நாள் ஆண்டு". ஆங்கிலச் சுருக்கத்தை அப்படியே உச்சரித்துக் குவாலி என்பார்கள்.

முழு ஆரோக்கியத்தோடு வாழும் ஒரு வருசம் 1. இறப்பு 0. நடுவில் இருக்கும் நிலைகளுக்கு நடுவில் ஒரு எண். அந்த எண்ணுக்காக ஈக்யூ-5டி என்ற ஒரு வினாப்பட்டியல் இருக்கு. நடக்க முடிகிறதா, குளித்து உடுத்த முடிகிறதா, அன்றாட வேலை நடக்கிறதா, வலி எவ்வளவு, மனக்கவலை எவ்வளவு என்று ஐந்தே கேள்விகள். எந்த நிலைக்கு எத்தனை மதிப்பெண் என்பதைப் பொதுமக்களிடம் கேட்டே முடிவு செய்கிறார்கள். வெகுகாலம் நாம் வெளிநாட்டார் சொன்ன மதிப்பெண்களை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தோம். சண்டிகர் பி.ஜி.ஐ. ஆய்வாளர்கள் இந்தியர்களிடமே கேட்டு உருவாக்கிய பட்டியல் 2022ல்தான் வெளிவந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை.

பழைய மருந்து: 2 வருசம் உயிர்வாழ்வு, தரம் 0.5. ஆக 1 குவாலி.
புது மருந்து: 3 வருசம், தரம் 0.6. ஆக 1.8 குவாலி.
கூடுதல் பலன்: 0.8 குவாலி.
கூடுதல் செலவு: 4 லட்சம் ரூபாய்.
அப்படியானால் ஒரு கூடுதல் குவாலிக்கு விலை: 5 லட்சம் ரூபாய்.

இது அதிகமா குறைவா? அதற்கு ஒரு எல்லைக்கோடு வேணும். பிரிட்டனில் 1999ல் தொடங்கிய நைஸ் என்ற அமைப்புதான் இந்த முறையைப் பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு குவாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்ட் என்பதே பல வருசமாக அவர்கள் கோடு. சமீபத்தில்தான் அதைக் கொஞ்சம் உயர்த்த முடிவெடுத்தார்கள். நைஸ் "சரி" என்று பரிந்துரைத்துவிட்டால் அங்கே அரசு மருத்துவச் சேவை அந்த மருந்துக்குப் பணம் கொடுத்தே ஆகணும். இந்தியாவில் பொதுவாக எடுத்துக்கொள்ளும் கோடு நாட்டின் தலா உற்பத்தி மதிப்பு, அதாவது ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய்.

அப்போ மேலே உள்ள புது மருந்து தேறவில்லை. ஆனால் கதை அங்கே முடிவதில்லை. கூடுதல் செலவு 4 லட்சத்துக்குப் பதில் 1.6 லட்சமாக இருந்தால்? ஒரு குவாலிக்குச் சரியாக 2 லட்சம். தேறிவிட்டது! மருந்தின் ரசாயனம் மாறவில்லை, விலை மட்டும்தான் மாறியது. இந்தக் கணக்கின் உண்மையான பயன் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. "வேண்டாம்" என்று கதவைச் சாத்துவதைவிட, "இந்த விலைக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம்" என்று கம்பெனியிடம் ஆதாரத்தோடு பேரம் பேச அது ஒரு பிடி கொடுக்கிறது.

நம் ஊரில் என்ன நடக்கிறது?

தமிழ்நாட்டில் பேரம் பேசுவதற்கு நல்ல பழக்கம் இருக்கு. 1994ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மொத்தமாக டெண்டர் விட்டு மருந்து வாங்குகிறது. எந்த மருந்து பட்டியலில் இருக்கணும் என்பதை வல்லுநர் குழு முடிவு செய்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் இருக்கும் ஒதுக்கீட்டுக்குள் தேவையான மருந்தை எடுத்துக்கொள்ளலாம். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய முறை இது.

ஆனால் டெண்டர் பதில் சொல்வது "எவ்வளவு மலிவாக வாங்கலாம்?" என்ற கேள்விக்கு. பல கம்பெனிகள் செய்கிற பாராசிட்டமாலுக்கு அது போதும். காப்புரிமையோடு ஒரே கம்பெனி விற்கும் புது மருந்துக்குப் போட்டி டெண்டரால் பிரயோசனம் குறைவு. அங்கே கேட்க வேண்டியது "இதை வாங்கலாமா, எந்த விலை வரைக்கும்?" என்பது.

அதற்காக மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறைக்குக் கீழே 2017 வாக்கில் செயல்படத் தொடங்கியது எச்.டி.ஏ. இந்தியா என்ற மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு. மறுபடி பயன்படுத்த முடியாத பாதுகாப்பு ஊசி, கண்புரை அறுவைக்கான லென்ஸ் போன்றவை அதன் ஆரம்ப கால ஆய்வுகளில் சில. நைஸ் போல இதன் முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது, பரிந்துரை மட்டும்தான்.

இந்த அமைப்பின் மையங்களில் ஒன்று சென்னையில் இருக்கு. எது தெரியுமா? மேலே பார்த்த அதே சேத்துப்பட்டுக் காசநோய் நிறுவனம்தான். அங்கே நடந்த சமீபத்திய கணக்கு ஒன்றைப் பாருங்கள். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு முன்பெல்லாம் ஒன்றரை வருசத்துக்கு மேலாகச் சிகிச்சை போகும். பெடாகுவிலின் போன்ற புது மருந்துகளைச் சேர்த்தால் இதை 6 முதல் 9 மாசத்தில் முடிக்கலாம் என்று ஆய்வுகள் காட்டின. புது மருந்து விலை கூடுதல். ஆனால் சிகிச்சை நாள் குறையும், ஆஸ்பத்திரி வருகை குறையும், நடுவில் விட்டுவிட்டு ஓடுபவர்களும் குறைவார்கள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து 2023ல் அந்த நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு: அப்படி ஒரு குறுகிய காலச் சிகிச்சையில் பலனும் கூடுகிறது, மொத்தச் செலவும் குறைகிறது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு பிபால்எம் என்ற நான்கு மருந்து, ஆறு மாசத் திட்டத்தைத் தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்துக்குள் கொண்டுவந்தது. மாத்திரையின் விலையை மட்டும் பார்த்திருந்தால் இது புரிந்திருக்காது.

கணக்குக்குள் வராதவை

குவாலி மீது நியாயமான குறைகளும் உண்டு. வயதானவருக்கு மிச்ச ஆயுள் குறைவு, அதனால் அவருக்குக் கிடைக்கும் குவாலியும் குறைவு. ஏற்கெனவே ஊனத்தோடு வாழ்பவரின் ஒரு வருசத்தை 0.6 என்று எழுதும்போது அவர் உயிருக்கே விலை குறைத்ததாகாதா என்று மாற்றுத்திறனாளி அமைப்புகள் கேட்கின்றன. தட்டிக்கழிக்க முடியாத கேள்வி.

இன்னொன்று, யாருடைய செலவை எண்ணுகிறோம்? அரசின் செலவை மட்டும் எண்ணினால், கோபியிலிருந்து கோயமுத்தூருக்கு மாசம் ரெண்டு தடவை பஸ் ஏறும் நோயாளியின் கூலி இழப்பும், கூடப் போகிறவரின் கூலி இழப்பும் கணக்கில் வராது. ஊசியாகப் போடும் மருந்துக்கும் வீட்டில் விழுங்கும் மாத்திரைக்கும் நம்ம ஊரில் பெரிய வித்தியாசமே அதுதான்.

விட்டுப்போனதைப் பிறகு அளந்து சேர்க்கவும் முடியும். சென்னை ஆய்வுக்கு அப்போது வந்த பெரிய ஆட்சேபம், "வீட்டில் வைத்தால் குடும்பத்துக்கு ஒட்டிக்கொள்ளுமே?" என்பது. அதை வெறும் வாதமாக விடவில்லை. இரண்டு தரப்பு நோயாளிகளின் குடும்பத்தாரையும் ஐந்து வருசம் தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றதால் குடும்பத்துக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று தெரிந்தது. பயத்தையும் எண்ணாக்கிப் பார்த்த பிறகுதான் 86 ஜெயித்தது.

கணக்கு திணறும் இடம்

முதுகுத்தண்டு தசைச் சிதைவு என்ற அரிய மரபணு நோய் பற்றிச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். 2021ல் பக்கத்து நாமக்கல் மாவட்டத்தில் ஒரு குழந்தைக்காக ஊரே பணம் திரட்டியது. சோல்ஜென்ஸ்மா என்ற ஒற்றை ஊசி, விலை 16 கோடி. ஒரு குவாலிக்கு 2 லட்சம் என்ற கோட்டை இங்கே வைத்தால், அந்த ஊசி 800 குவாலி கொடுக்கணும். எந்த மனுசனும் 800 வருசம் வாழ்வதில்லை. கணக்கு "வேண்டாம்" என்கிறது, மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

பிரிட்டன் மிக அரிய நோய்களுக்குத் தனி வழியும் உயர்ந்த கோடும் வைத்து, கம்பெனியிடம் ரகசியத் தள்ளுபடியும் வாங்கி, 2021ல் இதை அனுமதித்தது. இந்தியாவில் அரிய நோய்க் கொள்கையின்படி ஒரு நோயாளிக்கு அதிகபட்சம் 50 லட்சம். மிச்சத்துக்கு வாட்ஸ்அப் ஃபார்வேர்டு. திரட்டுகிறவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு வேறு வழியில்லை. ஆனால் அதுவும் ஒரு மதிப்பீடுதான். யார் போட்டோ அதிகம் பகிரப்படுகிறது, யாருக்குத் தெரிந்தவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்பதை வைத்து முடிவாகிறது.

இதே நோய்க்கு ரிஸ்டிப்ளாம் என்று வாழ்நாள் முழுக்கக் குடிக்கும் மருந்து ஒன்றும் உண்டு. ரோஷ் கம்பெனியின் ஒரு பாட்டில் சுமார் 6 லட்சம் ரூபாய். 20 கிலோவுக்கு மேல் எடையிருந்தால் ஒரு பாட்டில் 12 நாள்தான் வரும். அந்த விலையில் 50 லட்சம் ரூபாய் நூறு நாளைக்குத் தாங்கும். காப்புரிமை வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் 2025 அக்டோபரில் ரோஷின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்ததும், நாட்கோ என்ற இந்தியக் கம்பெனி அதே மருந்தை 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. இப்போது அதே 50 லட்சம் பத்து வருசத்துக்கு வரும்.

நூறு நாள், பத்து வருசம். நோய் அதேதான், மருந்து அதேதான். "இந்தக் குழந்தையைக் காப்பாற்ற நாட்டிடம் பணமில்லை" என்று நாம் நினைத்துக்கொண்டிருந்ததில் எவ்வளவு நிஜமான பற்றாக்குறை, எவ்வளவு வெறும் விலைச் சீட்டு என்று இதிலிருந்து தெரிகிறது. இன்றைக்கும் இது வருசத்துக்கு 5 லட்சத்துக்குப் பக்கம் ஆகும், சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத தொகைதான். ஆனால் பேச்சுக்கு இடமே இல்லாத எண்ணிலிருந்து, பேசித் தீர்க்கக்கூடிய எண்ணுக்கு வந்துவிட்டது.

எண்ணாமல் விட்டால்?

"உயிருக்கு விலை போடுவதா?" என்று இந்த முறையைக் கேட்டதும் கோபம் வருவது இயல்பு. ஆனால் அரசு கணக்குப் போடாவிட்டால் யாரும் கணக்குப் போடவில்லை என்று ஆகிவிடாது. அந்த வேலை குடும்பத்தின் தலையில் விழுகிறது. "காட்டை வித்தாவது பாத்துரலாம்" என்று ஒரு வீட்டில் முடிவெடுக்கும்போது அங்கே நடப்பதும் மருந்து மதிப்பீடுதான். என்ன, அவர்கள் கையில் ஆய்வு முடிவு இல்லை, ஒப்பிட எதுவும் இல்லை, பேரம் பேசும் பலம் இல்லை, ரெண்டு நாள் அவகாசம்கூட இல்லை. பலன் மூணு மாசமா, மூணு வருசமா என்று எண்ணாகச் சொல்ல ஆளும் இல்லை. காடு போன பிறகு பேத்தியின் படிப்பு நிற்கலாம். அது எந்த ஆஸ்பத்திரி ஏட்டிலும் ஏறாது.

அதனால் அடுத்த முறை "புரட்சிகரமான புது மருந்து" என்று செய்தி பார்த்தாலோ, வீட்டில் ஒருவருக்கு விலை உயர்ந்த மருந்தை எழுதிக் கொடுத்தாலோ, கீழே இருக்கும் நாலு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

1. இது எதைவிட மேல்? ஏற்கெனவே இருக்கும் மருந்தோடு ஒப்பிட்டார்களா?
2. எதில் மேல்? ஆயுளிலா, நடமாட்டத்திலா, ஸ்கேன் படத்திலா?
3. எவ்வளவு மேல்? சதவீதத்தில் சொன்னால், மாசத்திலோ நூற்றுக்கு எத்தனை பேர் என்றோ திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.
4. இந்தப் பணம் எந்த மடையிலிருந்து வருகிறது?

முதல் மூன்றுக்கும் டாக்டர் பதில் சொல்லலாம். நாலாவதுக்கு வீட்டில் உட்கார்ந்து பேசித்தான் பதில் கண்டுபிடிக்கணும். நாட்டுக்கும் அப்படித்தான். என்ன ஒண்ணு, அந்தப் பேச்சு எல்லாரும் பார்க்கிற மாதிரி நடக்கணும்.